அருகம்புல்லின் குளிர்கால உறக்கம்

பிள்ளையாருக்கு அருகம்புல் மாலை சாற்றுவதைக் கோயிலில் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள ஃபீனிக்ஸ் நகரில் வீட்டு முற்றங்களையும் பூங்காக்களையும் மூடியிருப்பதும் அதே இனத்துப் புல்தான். அங்கே அதற்குப் பெர்முடா புல் என்று பெயர். புல்தரைகளுக்கென்றே மெல்லிய இலை கொண்ட வகைகளைத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறார்கள்.

ஃபீனிக்ஸ் ஒரு பாலைவன நகரம். கோடையில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அங்கு வழக்கம். குளிர்காலப் பகற்பொழுதுகள் இதமாகவே இருக்கும். பனி பெய்து தரை வெள்ளையாவதில்லை. அப்படியிருக்க, அந்த ஊர் மக்கள் ஏன் குளிர்காலத்திற்காகப் புல்தரையை ஆயத்தம் செய்ய வேண்டும்?

காரணம் இரவில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் இரவு வெப்பநிலை 10 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். சில இரவுகளில் உறைபனியும் படியும். அருகம்புல் வெயிலை விரும்பும் புல். மண்ணின் வெப்பநிலை ஏறத்தாழ 10 டிகிரிக்குக் குறைந்ததும் அதன் வளர்ச்சி நின்றுவிடுகிறது. இலைகளில் உள்ள பச்சையம் சிதைந்து, தரை முழுவதும் வைக்கோல் நிறமாகிவிடுகிறது. பார்ப்பவர்கள் புல் செத்துவிட்டது என்றே நினைப்பார்கள். உண்மையில் அது உறங்குகிறது. மண்ணுக்குள் ஓடும் தண்டுகளில் கோடை முழுவதும் சேர்த்து வைத்த மாவுச்சத்து பத்திரமாக இருக்கும். வசந்த காலத்தில் புதிய தளிர்கள் அந்தச் சேமிப்பிலிருந்துதான் எழும்.

ஆகவே, புல்லை உறங்க விடுபவர்களுக்கு வேலை குறைவு. அந்தச் சேமிப்பைக் காப்பதே அவர்களின் நோக்கம். செப்டம்பர் மாதத்திலிருந்து புல்லை ஒட்ட வெட்டாமல் சற்று உயரமாக விடுகிறார்கள். இலைப்பரப்பு கூடினால் மாவுச்சத்தும் கூடும். தழைச்சத்து எனப்படும் நைட்ரஜன் உரத்தை இலையுதிர்காலத்தின் பிற்பகுதியில் இடுவதில்லை. இட்டால் இளந்தளிர்கள் கிளம்பி, முதல் உறைபனியிலேயே கருகிப் போகும், சேமிப்பும் வீணாகும். தண்ணீரையும் படிப்படியாகக் குறைக்கிறார்கள். ஆனால் முற்றிலும் நிறுத்திவிடுவதில்லை. பாலைவனக் காற்று வறண்டது என்பதால், மழை பெய்யாவிட்டால் மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒரு முறை வேர் நனையும் அளவுக்கு ஊற்றுகிறார்கள். உறங்கும் புல்லுக்குக் காயத்தை ஆற்றிக்கொள்ளும் ஆற்றல் இல்லை. அதனால், அதன்மீது அடிக்கடி ஓடி விளையாடினால் தரை வழுக்கையாகிவிடும்.

இருந்தாலும், ஃபீனிக்ஸ் மக்களில் பலருக்கு அந்த வைக்கோல் நிறம் பிடிப்பதில்லை. அவர்கள் வேறொரு வழியைக் கையாளுகிறார்கள். அருகின்மேல் ரை என்னும் குளிர்நாட்டுப் புல்லின் விதையைத் தூவுகிறார்கள். இதற்கான ஆயத்தம் முன்னதற்கு நேர்மாறானது. செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ இரவுகள் குளிரத் தொடங்கியதும், அருகம்புல்லைத் தரையோடு தரையாக வெட்டி, வெட்டிய சருகை வாரி எடுத்துவிடுகிறார்கள். விதை மண்ணைத் தொட வேண்டும் அல்லவா? பிறகு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 50 முதல் 75 கிராம் விதையைத் தூவி, மண் காயாதபடி ஒரு நாளைக்குப் பல முறை நீர் தெளிக்கிறார்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் முளை தெரியும். காலம் தவறினால் விதை வீண்தான். முந்திக்கொண்டால் வெயிலும் விழித்திருக்கும் அருகும் நாற்றை வாட்டிவிடும். பிந்தினால் குளிரில் சரியாக முளைக்காது.

குளிர்காலம் முழுவதும் அந்த வீடுகளின் முன்னால் கண்ணைப் பறிக்கும் பச்சை. ஆனால் அதற்கு இரண்டு விலைகள் உண்டு.

முதல் விலையை அருகு கொடுக்கிறது. வசந்தத்தில் அது கண்விழிக்கும்போது தலைக்குமேல் ரைப்புல் நிழல் விரித்திருக்கும். வெயில் கிடைக்காமல், நீருக்கும் போட்டியிட்டு, சேமித்த மாவுச்சத்தைச் செலவழித்துக்கொண்டே அது காத்திருக்க வேண்டும். கோடை முற்றி ரைப்புல் வாடிய பின்புதான் அருகுக்கு இடம் கிடைக்கும். இப்படி ஆண்டுதோறும் நடந்தால் தரையில் ஆங்காங்கே பொத்தல்கள் விழுவதில் வியப்பில்லை.

இரண்டாவது விலை தண்ணீர். அதுதான் பெரிய விலை. ஃபீனிக்ஸ் நகரில் ஆண்டுக்குச் சுமார் 180 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. சிங்கப்பூரில் பெய்யும் மழையில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நகரத்துக்கு வேண்டிய நீரில் கணிசமான பகுதி, மலைப்பனி உருகி ஓடிவரும் கொலராடோ ஆற்றிலிருந்து வருகிறது. சுமார் 540 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கால்வாய் அந்த நீரைப் பாலைவனத்தின் குறுக்கே கொண்டு வருகிறது. நீண்ட வறட்சியால் அந்த ஆற்றின் மிகப் பெரிய நீர்த்தேக்கமான மீட் ஏரி வற்றத் தொடங்கியது. 2021 ஆகஸ்ட் மாதம் அமெரிக்க அரசு அந்த ஆற்றில் நீர்ப் பற்றாக்குறை என்று முதன்முறையாக அறிவித்தது. அடுத்த ஆண்டு அரிசோனாவின் பங்கில் ஏறத்தாழ 18 விழுக்காடு குறைக்கப்பட்டது. அதன் பெரும் பாதிப்பு உழவர்கள்மீது விழுந்தது. அண்டை மாநிலமான நெவாடாவோ, லாஸ் வேகாஸ் பகுதியில் யாரும் நடக்காத, விளையாடாத அலங்காரப் புல்தரைகளுக்கு ஆற்று நீரைப் பயன்படுத்த 2026 இறுதிக்குப் பிறகு தடை விதிக்கும் சட்டத்தை அதே 2021இல் இயற்றியது.

விதை தூவுவோர் எல்லாரையும் குறை சொல்லிவிட முடியாது. குளிர்நாடுகளிலிருந்து குளிர்காலத்தில் வரும் சுற்றுப்பயணிகளை நம்பியே அங்குள்ள குழிப்பந்துத் திடல்கள் இயங்குகின்றன. விளையாட்டுத் திடலிலும் வளராத புல்லை வைத்துக்கொண்டு ஆட இயலாது. வீடுகளிலோ, குழந்தைகள் விளையாடும் பின்முற்றத்தில் மட்டும் விதைத்து, வெறும் பார்வைக்கான முன்முற்றத்தை உறங்க விடுவோரும் உண்டு.

உறங்கும் புல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று ஐயம் வந்தால் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு கைப்பிடிப் புல்லைப் பற்றி இழுத்தால் போதும். செத்த புல் வேரோடு கையில் வந்துவிடும். உறங்கும் புல் மண்ணை விடாது. அடியில் தண்டைக் கீறிப் பார்த்தால் உட்புறம் வெளிர்நிறமாக, ஈரத்துடன் இருக்கும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் இரவுகள் வெதுவெதுப்பானதும் அந்தத் தண்டின் கணுக்களிலிருந்து தளிர் எட்டிப் பார்க்கும். அடுத்த வீட்டு ரைப்புல்லின் அடியில் இருக்கும் அருகு அப்போதும் நிழலில் காத்துக்கொண்டிருக்கும்.