கடையில் மங்கல்... வீட்டில் வானவில்!

மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையை லேசா திருப்பினா, பச்சை நீலமாகும் இல்லையா? ஆஸ்திரேலியாவின் ஆறுகளில் வாழும் ரெயின்போ மீனும் அப்படித்தான். வெளிச்சம் படும் கோணத்துக்கு ஏத்த மாதிரி மின்னும்.

காஞ்சிபுரம், மாகறல் பக்கம் இருக்கிறவங்க, சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் விசாரிக்கலாம். நியூ கினி ரெயின்போ மீன்களும் உண்டு என்பதால், பேரைக் கேட்டு வாங்குங்க. குட்டி மீன்கள் வெளிறித்தான் இருக்கும். வளர வளரத்தான் நிறம் ஏறும்.

தொட்டி எப்படி?

3 அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. சுமார் 190 லிட்டர் பிடிக்கும். கண்ணாடியோடு சேர்த்தா 200 கிலோவைத் தாண்டும். பழைய மேசை தாங்காது, உறுதியான ஸ்டாண்ட் வேணும். இது கூட்டமா வாழும் மீன், குறைஞ்சது 6 வாங்குங்க. துள்ளும், அதனால மூடி கட்டாயம்.

முதல்ல தண்ணி, அப்புறம் மீன்!

புதுத் தொட்டியில் அன்னைக்கே மீனை விட்டா, அதன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவே அதைக் கொன்னுடும். ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனி போடுங்க. அம்மோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியா வளர 4 முதல் 6 வாரம் ஆகும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்ஜியம் காட்டணும். அதுக்கப்புறம் வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணியை மாத்தினா போதும். குழாய்த் தண்ணின்னா குளோரின் நீக்கும் மருந்து கலந்துக்கோங்க.

வளர்க்க முடியலையா? கடைக்கே திருப்பிக் கொடுங்க. செய்யாற்றிலோ ஏரியிலோ விட்டுடாதீங்க. தென் அமெரிக்க சக்கர் மீன், தொட்டியிலிருந்து தப்பித்தான் நம்ம நீர்நிலைகளுக்கு வந்துச்சு!