பாடசாலையில் ஓர் ஆற்றுப்படை

பத்துப்பாட்டிலே ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படைகள் என்பதைத் தமிழ் கற்றோர் அறிவர். வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் பாணனோ கூத்தனோ, வறுமையால் வாடி எதிரே வரும் மற்றொருவனைக் கண்டு, இவ்வழியே செல்க, இன்னாரைக் காண்க என்று நெறிப்படுத்துவதாகவே அவற்றுட் பெரும்பாலானவை அமைந்துள்ளன. ஆறு என்பது வழி. மாணாக்கரின் உளத்துயரைக் கேட்டு உதவும் பணிக்கு எமது நாட்டிலே ஒரு பெயர் வேண்டியிருந்தபோது, ‘ஆற்றுப்படுத்தல்’ என்னும் சொல்லை நம்மவர் எடுத்துக்கொண்டனர். ‘உளவளத்துணை’ என்ற பெயரும் வழங்குகின்றது. ஆயினும் எனக்கு உவப்பானது முன்னையதே. பணியின் எல்லையும் அதிலேயே அடங்கியிருக்கின்றது. பாணன் பரிசில் கொடுப்பவன் அல்லன், வழி சொல்பவன். ஆசிரியரும் வைத்தியர் அல்லர். துயருற்ற பிள்ளை கூறுவதைப் பொறுமையோடு கேட்டு, வேண்டுமிடத்து உரியவரிடம் செல்லும் வழியைக் காட்டுபவர் அவர்.

இது பாடசாலைக்கு உரிய பணிதானோ என்று ஐயுறுவோர் இன்றும் உளர். வாழ்நாளில் மனிதரைப் பற்றும் உளநோய்களுள் ஏறத்தாழப் பாதி, 14 வயதளவிலேயே தொடங்கிவிடுகின்றன என்பர் ஆராய்ச்சியாளர். 10 முதல் 19 வயது வரையுள்ளோரில் எழுவருள் ஒருவர் உளநலக் குறைவுக்கு ஆளாகின்றனர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இக்கணக்கின்படி, 40 பிள்ளைகள் இருக்கும் வகுப்பிலே ஐவர் அல்லது அறுவர் அத்தகையோர். அவர்கள் உளமருத்துவரைத் தாமாகத் தேடிச் செல்வது அரிது. பாடசாலைக்கோ நாள்தோறும் வருகின்றனர்.

வடக்கிலும் கிழக்கிலும் இவ்வுண்மையை நாம் பெரும் விலை கொடுத்துக் கற்றோம். போர் உள்ளத்தில் விட்டுச்சென்ற காயங்களைப் பற்றி யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1993 இல் ‘மனவடு’ என்னும் நூலைத் தமிழிலே எழுதினார். 2004 இல் ஆழிப்பேரலை வந்தது. 2009 இல் போர் முடிந்தது. போர் முடிந்த ஆண்டிலே பிறந்த குழந்தைகள் இன்று உயர்தர வகுப்பு மாணாக்கராய் வளர்ந்துவிட்டனர். குண்டுச் சத்தம் கேளாத தலைமுறைதான். ஆயினும் பேசப்படாத இழப்புக்களை உடைய வீடுகளிலே வளர்ந்த தலைமுறை. 2020 இல் நோய்த்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டன. 2022 இல் பொருளாதார நெருக்கடி அடுப்பங்கரை வரை வந்தது. இவற்றோடு பரீட்சை என்னும் பெருஞ்சுமை. உயர்தரத்தில் சித்தியடைவோரிலும் பெரும்பகுதியினர்க்கு அரச பல்கலைக்கழகத்தில் இடமில்லை என்பதைப் பிள்ளைகள் நன்கறிவர். பெற்றோர்தாம் அறியாதார் போல் நடந்துகொள்கின்றனர்!

இனி, இப்பணியைத் தலைமையேற்று நடத்த வேண்டியவர் யார்? பலரும் ஆற்றுப்படுத்தும் ஆசிரியரைச் சுட்டுவர். அதிபரைச் சுட்டுவதே பொருத்தம் என்பது என் கருத்து. ஓர் ஆசிரியரைப் பயிற்சிக்கு அனுப்பி, ஓர் அறைக்குப் பெயர்ப்பலகை மாட்டியதும் கருமம் முடிந்ததென எண்ணினால், அவ்வறை விரைவிலேயே விளையாட்டுப் பொருள்களும் பழைய விடைத்தாள்களும் குவியும் களஞ்சியமாகிவிடும். பாடவேளை குறைவாயுள்ளவரை இப்பணிக்கு அமர்த்துவது வசதியான வழக்கம். அதிபர் நோக்க வேண்டியது வேறொன்று: இடைவேளையில் பிள்ளைகள் தாமாகவே எவரிடம் சென்று பேசுகின்றனர்? அவரைத் தெரிந்து, அவருடைய பாடவேளைகளைக் குறைத்து நேரம் ஒதுக்கிக் கொடுத்தல் வேண்டும்.

ஒழுக்காற்றுப் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைத்தல் பெரும் பிழை. உடல்தண்டனை கூடாதெனக் கல்வி அமைச்சு 2005 இலும் பின்னர் 2016 இலும் சுற்றுநிருபம் விடுத்தது. பிரம்பு ஒழிந்தாலும் விசாரணை ஒழிவதில்லை. காலையிலே தலைமயிரை அளந்து கண்டித்தவரிடம், மாலையிலே வீட்டுத் துயரை எந்தப் பிள்ளை சொல்லும்?

யாவற்றினும் முதன்மையானது இரகசியம் காத்தல். ஒரு மாணவி காலையிலே சொல்லியழுதது, இடைவேளைக்குள் ஆசிரியர் ஓய்வறையிலே தேநீரோடு பரிமாறப்படுமாயின், அவள் மட்டுமல்லள், அவள் வகுப்பிலுள்ள எவருமே இனி அவ்வறை வாயிலை மிதியார். இதனைத் தடுக்கும் அதிகாரம் அதிபர் ஒருவர்க்கே உண்டு. அவரே ‘அப்பிள்ளை என்ன சொன்னது?’ என்று கேட்பவராயின் யார் என் செய்வது? இரகசியத்துக்கும் எல்லை உண்டு. உயிருக்கு ஆபத்து, வளர்ந்தோரால் இழைக்கப்படும் கொடுமை ஆகிய இரண்டையும் மறைத்தலாகாது. அதனைப் பேச்சின் தொடக்கத்திலேயே பிள்ளைக்குச் சொல்லிவிடுதல் நேர்மை. பின்னதற்கு, 1929 என்னும் இலக்கத்தில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்கலாம்.

முன்னதைப் பற்றிப் பேசவே நாம் கூசுகின்றோம். சாக நினைத்தாயா என்று நேரே கேட்டால், அவ்வெண்ணத்தை நாமே விதைத்தவராவோமோ என ஆசிரியர் அஞ்சுவர். அவ்வச்சம் வேண்டியதில்லை, கேட்கப்பட்ட பிள்ளை பெரும்பாலும் ஆறுதலே அடைகின்றது. 1995 அளவில் இந்நாட்டின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு ஏறத்தாழ 47 ஆக உயர்ந்திருந்தது. கொடிய நஞ்சுடைய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின் அது பெரிதும் தாழ்ந்தது. பலருக்கு அவ்வுந்துதல் சிறிது பொழுதே நிற்பது. அப்பொழுதைக் கடத்திவிட்டால் உயிர் மீளும். ஆதலால் அத்தகைய பிள்ளையைத் தனியே வீட்டுக்கு அனுப்பாது, உடனிருந்து, பெற்றோரை அழைத்து, வைத்தியசாலை உளநலப் பிரிவுக்கு அனுப்புதல் வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் இரவும் பகலும் விடையளிக்கும்.

சிகிச்சை பெற்று அப்பிள்ளை மீண்டும் வரும் நாளைப் பற்றி எவரும் நினைப்பதில்லை. பழைய இருக்கை வெறுமையாய் வைக்கப்பட்டிருத்தல் வேண்டும். தவறிய பாடங்களை எழுதிக் கொடுக்க ஒரு தோழி முன்னரே ஏற்பாடு செய்யப்பட்டிருத்தல் வேண்டும். எங்கே போயிருந்தாய் என்று வகுப்பின் முன் எவரும் கேட்டலாகாது. வரவுப் பதிவேட்டை வாசிக்கும் ஆசிரியர், மற்றப் பெயர்களை வாசித்த அதே குரலில் அப்பெயரையும் வாசித்து அடுத்த பெயருக்குச் செல்லுதல் வேண்டும்.