உங்களுக்குத் தெரியுமா? வேனுக்காகப் பிறந்த குட்டி ஸ்பீக்கர்

இசைப் பிரியர்கள் இன்றும் தேடித் தேடி வாங்கும் எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர், முதலில் வீட்டுக்காக வடிவமைக்கப்பட்டதே இல்லை. 1970களின் தொடக்கத்தில் பிபிசி பொறியாளர்கள் தங்கள் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக உருவாக்கியது அது. வேனுக்குள் பெரிய பெட்டிக்கு இடமில்லை. ஹெட்போனை மட்டும் நம்பி ஒலியின் தரத்தைக் கணிக்கவும் முடியாது. அதனால் உயரம் சுமார் 30 செ.மீ., அகலம் 19 செ.மீ. என்று பெட்டி சுருங்கியது.

உள்ளே ஆம்ப்ளிஃபையர் கிடையாது. வெளியிலிருந்து வரும் மின் சமிக்ஞையை கிராஸ்ஓவர் சுற்று பிரிக்கிறது: சுமார் 3,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது கெஃப் நிறுவனத்தின் 5 அங்குல வூஃபருக்கு, மேலே உள்ளது ட்வீட்டருக்கு. ட்வீட்டரைச் சுற்றி ஒட்டியிருக்கும் தடித்த கம்பளிப் பட்டைகளைப் பாருங்கள். அவை அலங்காரம் அல்ல. பெட்டியின் விளிம்பில் மோதித் திரும்பும் ஒலியை உறிஞ்சி, குரல் கலங்காமல் காப்பவை. பேச்சையும் பாட்டையும் இத்தனை இயல்பாகத் தரும் சிறிய பெட்டிகள் அபூர்வம் என்றே சொல்வேன்.

குறையும் உண்டு. அடித்தொனி ஆழமாக இறங்காது. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 83 டெசிபல்தான் கிடைக்கும். ஆகவே ஆம்ப்ளிஃபையருக்குத் தெம்பு வேண்டும்.

பழையது வாங்குவோர் கவனிக்க: முதலில் 15 ஓம் மின்தடையுடன் வந்தது, 1980களின் பிற்பகுதியில் 11 ஓம் ஆக மாறியது. இரண்டு ஸ்பீக்கர்களும் ஒரே ரகமாக இருந்தால் மட்டுமே ஜோடி சேரும்.