கிராம்பு எண்ணெயும் மஞ்சள் மாத்திரையும்

புறநோயாளர் பிரிவில் மருந்துச் சீட்டைப் பெற்றுக்கொண்டு எழுந்த பின்னர், வாசலருகே நின்று தயக்கத்துடன் சிலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டாக்டர், கிராம்பு எண்ணெய் கிருமியைக் கொல்லுமாமே? இந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரைக்குப் பதிலாக அதையே சில சொட்டுகள் குடித்தால் என்ன?"

கேள்வியில் பிழையில்லை. கிராம்பு எண்ணெய் கிருமிகளைக் கொல்வது உண்மையே. எங்கே கொல்கிறது, எந்த அளவில் கொல்கிறது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

தாவரங்கள் பூச்சிகளிடமிருந்தும் பூஞ்சைகளிடமிருந்தும் தம்மைக் காத்துக்கொள்ள ஆவியாகும் எண்ணெய்களைச் சுரக்கின்றன. கிராம்பில் யூஜினால், ஓமத்தில் தைமால், தைல மரத்தின் இலையில் சினியோல் ஆகியவை முதன்மையான பொருள்கள். இவை கொழுப்பில் எளிதாகக் கரைபவை. பாக்டீரியாவைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வும் கொழுப்பாலானது. எண்ணெய் அச்சவ்வினுள் புகுந்து அதனைக் குலைக்க, உள்ளிருப்பவை கசிந்து கிருமி மடிகிறது. பல் மருத்துவர்கள் யூஜினாலைத் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைப்பதுண்டு. பல் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் மணம் பெரும்பாலும் இதுவே.

ஆயினும் நம் உடலின் உயிரணுக்களைச் சூழ்ந்திருப்பதும் கொழுப்புச் சவ்வுதான். எண்ணெய்க்குப் பகை எது, உறவு எது என்று தெரியாது. பென்சிலின் வகை மருந்துகளோ பாக்டீரியாவுக்கு மட்டுமே உரிய செல்சுவரைத் தாக்குகின்றன. மனித உயிரணுவுக்கு அச்சுவரே கிடையாது. அளவிலும் பெரும் வேறுபாடு உண்டு. மருந்துக்குக் கட்டுப்படும் கிருமியை அடக்க, ஒரு மில்லிலிட்டரில் சில மைக்ரோகிராம் ஆன்டிபயாட்டிக் பெரும்பாலும் போதும். யூஜினாலாயின் ஆய்வுக்கூடத் தட்டிலேயே பல நூறு மைக்ரோகிராம் தேவைப்படுகிறது. அவ்வளவு அடர்த்தியை இரத்தத்தில் எட்டச் செய்ய முயன்றால், கிருமிக்கு முன்னரே நோயாளிக்குத் தீங்கு நேரும். எனவே நிமோனியாவுக்கோ சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்கோ தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு எண்ணெயை நாடுவது, தொற்று முற்றுவதற்குக் காலம் கொடுப்பதாகும்.

பெற்றோர்கள் அடுத்த பகுதியைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். இரண்டு தேக்கரண்டிக்கும் குறைவான கிராம்பு எண்ணெயை விழுங்கிய சிறு குழந்தைகளுக்குக் கல்லீரல் கடுமையாகப் பழுதடைந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. பாராசிட்டமாலை அளவுமீறி விழுங்கியோருக்கு நேரும் பாதிப்பை அது ஒத்திருந்தது. அதற்குரிய முறிவு மருந்தையே இதற்கும் கொடுத்தனர். உதகைக்குச் சென்று திரும்புவோர் மறவாமல் வாங்கி வரும் நீலகிரித் தைலம் ஒரு தேக்கரண்டி உள்ளே சென்றாலும், குழந்தை விரைவிலேயே மயங்கலாம், வலிப்பும் வரலாம். கற்பூரமும் அத்தகையதே. ஆகவே இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மூக்கருகிலோ மார்பிலோ தைலம் தடவாதீர்கள். தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டா. எண்ணெய் நுரையீரலுக்குள் சென்றால் நிலைமை மேலும் மோசமாகும். குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள்.

இனி, பாலிபீனால்கள். மஞ்சள், தேயிலை, நெல்லிக்காய், திராட்சை எனப் பலவற்றிலும் இவை உள்ளன. சோதனைக் குழாயில் இவை ஆக்சிஜனேற்றத்தைத் திறம்படத் தடுக்கின்றன. ஆனால் சோதனைக் குழாய்க்குக் குடலும் கல்லீரலும் இல்லை. ஆக்சிஜனேற்றத் தடுப்பான் எதுவாயினும் மிகுதியாகத் தந்தால் நன்மையே என்ற நம்பிக்கை பின்லாந்தில் முறைப்படி சோதிக்கப்பட்டது. புகைபிடிக்கும் 29,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் பங்கேற்ற அந்த ஆய்வின் முடிவு 1994-இல் வெளியானது. பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியிருந்தது. பீட்டா கரோட்டின் பாலிபீனால் வகையைச் சார்ந்ததன்று. எனினும் அந்த நம்பிக்கைக்குக் கிடைத்த எச்சரிக்கையாக அதனைக் கொள்ளலாம்.

மஞ்சள்தூளில் குர்குமின் சில விழுக்காடே உள்ளது. அதிலும் மிகச் சிறு பகுதியே இரத்தத்தைச் சேர்கிறது. அதனால்தான் விற்பனையாகும் மாத்திரைகளில் குர்குமினைச் செறிவூட்டி, மிளகிலிருந்து எடுக்கும் பைப்பரினையும் சேர்க்கின்றனர். பைப்பரின் கல்லீரலின் நொதிகளை மந்தப்படுத்துவதால் குர்குமின் உடலில் கூடுதலாகத் தங்குகிறது. ஆனால் அதே வழியில் வேறு மருந்துகளும் கூடுதலாகத் தங்கக்கூடும். வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாயின் ஓர் எடுத்துக்காட்டு. இத்தகைய மாத்திரைகளால் நேரும் கல்லீரல் பாதிப்பு குறித்து ஆஸ்திரேலிய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் எச்சரித்தது. மஞ்சள் மாத்திரையால் மஞ்சள் காமாலை என்பது கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கலாம். நோயாளிக்கு அது வேடிக்கையன்று. கிரீன் டீ சாற்று மாத்திரைகளுக்கும் இது பொருந்தும். குழம்பில் இடும் மஞ்சளையோ, ரசத்தில் இடும் மிளகையோ எண்ணி எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உண்போர், புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்வோர், கல்லீரல் நோயுள்ளோர், அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டோர் ஆகியோர் இம்மாத்திரைகளை மருத்துவரிடம் கேளாமல் தொடங்க வேண்டா. இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை உண்போர் அதைத் தேநீருடன் விழுங்குவதையும் அடிக்கடி காண்கிறேன். தேயிலையின் பாலிபீனால் இரும்புடன் பிணைந்து, அது உடலில் சேராமல் தடுத்துவிடும். மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமேனும் இடைவெளி இருக்கட்டும்.

அடுத்த முறை வரும்போது, வீட்டில் உண்ணும் சூரணம், எண்ணெய், மாத்திரை அனைத்தையும் ஒரு பையில் எடுத்து வந்து காட்டுங்கள். கடிந்துகொள்ள மாட்டோம். கண் மஞ்சளாவதோ சிறுநீர் அடர்நிறமாவதோ தென்பட்டால் மட்டும், அந்த நாளுக்காகக் காத்திராமல் உடனே வாருங்கள்.