தீராத பாடம் – 9: ஆல்புகர்க்கியிலிருந்து ஒரு வகுப்பு

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் பரப்பில் தமிழ்நாட்டைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். மக்கள்தொகையோ சுமார் 20 லட்சம்தான். 2003-ல் அங்கே ஹெபடைடிஸ் சி நோயாளி ஒருவர் ஆல்புகர்க்கி பல்கலைக்கழக மருத்துவமனையில் கல்லீரல் நிபுணரைப் பார்க்க எட்டு மாதம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சிலர் 400 கிலோமீட்டர் பயணம் செய்து வந்தார்கள். அதுவும் ஒருமுறை வந்தால் போதாது. வாராவாரம் இன்டர்ஃபெரான் ஊசி, தினமும் ரிபாவைரின் மாத்திரை என்று பல மாதங்கள் நீளும் சிகிச்சை அது. முதல் மருந்து மனச்சோர்வைக் கொண்டுவரும்; இரண்டாவது ரத்தசோகையை. அதனால் உள்ளூர் மருத்துவர்கள் அதைத் தொடவே தயங்கினார்கள்.

அந்த மருத்துவமனையின் கல்லீரல் நிபுணர் சஞ்சீவ் அரோரா, புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர். நோயாளியை நகரத்துக்கு வரவழைப்பதற்குப் பதிலாக, தனக்குத் தெரிந்ததைக் கிராமத்து மருத்துவருக்குக் கொடுத்துவிடலாம் என்று அவர் முடிவுசெய்தார். அப்படிப் பிறந்ததுதான் 'ப்ராஜெக்ட் எக்கோ'.

வாரந்தோறும் குறித்த நேரத்தில் எல்லோரும் வீடியோவில் கூடுவார்கள். நிபுணர் தரப்பில் கல்லீரல் மருத்துவரோடு மனநல மருத்துவரும் மருந்தியலாளரும் இருப்பார்கள். முதலில் சிறிய பாடம் ஒன்று. அசல் வேலை அதற்குப் பிறகுதான். ஓர் ஊர் மருத்துவர் தன் நோயாளியைப் பற்றிச் சொல்வார். பெயர் வராது, வயது, வைரஸ் வகை, ரத்தத்தில் அதன் அளவு மட்டும். "மருந்து தொடங்கியபின் ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே போகிறது, தூக்கமில்லை என்கிறார், என்ன செய்யட்டும்?" நிறுத்துவதா, அளவைக் குறைப்பதா, தூக்கமின்மைக்குப் பின்னால் மனச்சோர்வு இருக்கிறதா என்று எல்லோரும் கேட்டு அலசுவார்கள். முடிவெடுப்பவர் அந்த ஊர் மருத்துவர்தான். மறுவாரம் வேறொருவர் தன் நோயாளியோடு வருவார். பிறர் கேஸைக் கேட்டவருக்கும் அதே சிக்கல் என்றாவது தன் கிளினிக்கில் வரும்.

பலன் என்ன? 2011-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்ட ஆய்வில் 407 நோயாளிகள். பல்கலைக்கழக மருத்துவமனையில் வைரஸ் நீங்கியவர்கள் 57.5 சதவீதம், எக்கோ வழியே சிகிச்சை நடந்த கிராம கிளினிக்குகளிலும் சிறைகளிலும் 58.2 சதவீதம். கடுமையான பக்கவிளைவுகள் கிராமத்துப் பக்கம்தான் குறைவு. குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்துச் செய்த ஆய்வல்ல அது. ஆனாலும் சிறைக்குள் இருந்தவருக்கும் நகரத்து நிபுணரின் தரத்தில் சிகிச்சை கிடைத்தது என்பதை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

இப்போது நம் ஊரைப் பார்ப்போம். ஐந்தாண்டுக்கு 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி பெற வேண்டும் என்பது 2002-ம் ஆண்டின் இந்திய மருத்துவ கவுன்சில் விதி. இதற்காக இணையத்தில் கிடைப்பவற்றில் பெரும்பகுதி ஒரே அச்சுதான்: ஸ்லைடுகளோடு ஒரு உரை, முடிவில் சில கேள்விகள், டவுன்லோடு செய்ய ஒரு சான்றிதழ். உரையைக் கேட்பதால் மட்டும் மருத்துவர் சிகிச்சை செய்யும் விதம் மாறுவதில்லை, பங்கேற்றுப் பழகும் வகுப்புகளால் மாற முடியும் என்று 1999-லேயே டேவ் டேவிஸ் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டிவிட்டார்கள். அப்படியும் நாம் உரைகளையே பெருக்கிக்கொண்டிருக்கிறோம். உரையைப் பதிவுசெய்வது மலிவு, கல்வி நேரத்துக்கான கிரெடிட்டை எண்ணுவதும் சுலபம்; எனக்குத் தெரிகிற காரணம் இதுதான்.

எக்கோ முறை இந்தியாவுக்கும் வந்திருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை போதைப்பழக்க சிகிச்சையை இப்படித்தான் தொலைதூர மாவட்ட மருத்துவர்களுக்குக் கற்றுத்தருகிறது. ஆனால் ஆரம்ப சுகாதார நிலைய வாசலில் வரிசை நிற்கும்போது, ஒரு மருத்துவர் வாரம் ஒரு மணி நேரம் திரைமுன் உட்கார முடியுமா? அந்த நேரத்துக்கு மாற்று மருத்துவரைப் போட்டு, அதைப் பணி நேரமாகவே அரசு கணக்கில் எழுத வேண்டும். இல்லையென்றால் அவர் இரவு பத்து மணிக்கு வீட்டில் ஸ்லைடுகளை ஓடவிட்டு கிரெடிட் சேர்ப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

(தொடரும்)