எல்லா முறுக்கங்களுக்கும் ஒரே வெளி

ஒரு காகிதப் பட்டையின் முனைகளை நேராக ஒட்டினால் வளையம் கிடைக்கும். ஒரு முனையை அரைச் சுற்றுத் திருப்பி ஒட்டினால் ஒரே பக்கம் மட்டுமே உள்ள மோபியஸ் பட்டை கிடைக்கும். காவேரிப்பட்டினத்து மாம்பழக்கூழ் ஆலையில் ஓடும் பெல்ட்டை இப்படி இணைத்தால் தேய்மானம் முழுப் பரப்புக்கும் பகிர்ந்துபோகும். வட்டத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு கோட்டை நிறுத்தும்போது கிடைக்கும் வகைகள் இந்த இரண்டுதான். இப்படிப் புள்ளிதோறும் நிறுத்திய தொகுப்புக்குக் ‘கற்றை’ என்று பெயர். வட்டத்துக்குப் பதில் கோளம், கோட்டுக்குப் பதில் தளம் என்று போனால் வகைகள் பெருகும், ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு மாளாது. டோபாலஜி அறிஞர்கள் வேறு வழி கண்டார்கள். எல்லா முறுக்கங்களுக்கும் மூலமான ஒரு கற்றையைத் தாங்கும் ஒரே பெருவெளியை அமைத்தார்கள். எந்த வடிவத்தின் மேல் உள்ள எந்த முறுக்கமும், அந்த வடிவத்திலிருந்து இந்தப் பெருவெளிக்குள் செல்லும் ஒரு சார்பாக மாறிவிடும். இதுவே வகைப்படுத்தும் வெளி. முறுக்கத்தை ஆளும் எந்தச் சமச்சீர்க் குலத்துக்கும் இதைக் கட்டும் பொதுமுறையை ஜான் மில்னர் 1956-இல் தந்தார். சிறியதைப் புரிந்துகொள்ள மிகப் பெரியதற்குள் போவது வீண் சுற்றாகத் தோன்றலாம். ஆனால் அதுதான் குறுக்குவழி என்பேன். அதற்கு வலுவான சான்று தந்தவர்களில் தமிழ்நாட்டில் பிறந்த கணிதர்களும் உண்டு.

முடிவிலாப் பரிமாணம் கொண்ட வெளி எப்படி எளிதாகும் என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை ஹோமாலஜியில் இருக்கிறது. ஒரு வடிவத்தில் எத்தனை பரிமாணத்தில் எத்தனை ‘ஓட்டைகள்’ என்று எண்ணும் கணக்கு அது. சிக்கலெண் கோடுகளை வகைப்படுத்தும் வெளியில் இரட்டைப்படைப் பரிமாணம் ஒவ்வொன்றிலும் ஒன்று, ஒற்றைப்படையில் ஏதுமில்லை. இதைவிட ஒழுங்கான பட்டியல் ஏது? ஆனால் எண்ணிக்கை மட்டும் போதாது. அந்த வெளியின் நான்கு பரிமாணம் வரையிலான பகுதியை எடுத்து ஒரு பரிமாணம் உயர்த்துங்கள். மறுபுறம் மூன்று பரிமாணக் கோளத்தையும் ஐந்து பரிமாணக் கோளத்தையும் ஒரு புள்ளியில் ஒட்டுங்கள். இரண்டுக்கும் ஓட்டைக் கணக்கு ஒன்றே, ஆனால் வடிவம் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைக் காட்டுபவை நார்மன் ஸ்டீன்ராட் 1947-இல் கண்ட செயலிகள். முதல் வடிவத்தில் அவை மூன்றாம் பரிமாணத்தை ஐந்தாவதோடு கட்டிப்போடுகின்றன, இரண்டாவதில் அந்தக் கட்டு இல்லை. இந்தச் செயலிகள் என்ன செய்யும் என்பதை முதலில் கணக்கிட்டுக்கொள்ளும் இடம் வகைப்படுத்தும் வெளிதான்.

வட ஆர்க்காட்டுத் தண்டரையில் 1932-இல் பிறந்த எம். எஸ். நரசிம்மன், சென்னை லயோலா கல்லூரியில் ரசீன் பாதிரியாரிடம் பயின்று, மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனவர். எஸ். ரமணன் அங்கே அவருடைய மாணவர். இருவரும் 1961-இல் நிறுவிய தேற்றம், முறுக்கத்தோடு நின்றுவிடாமல், ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு நகரும்போது கோடு எப்படித் திரும்புகிறது என்ற ‘இணைப்பு’ விவரமும் பொதுவெளியில் உள்ள ஒரே இணைப்பிலிருந்து பெறக்கூடியது என்று காட்டியது. செர்னும் சைமன்ஸும் 1974-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை இந்தத் தேற்றத்தைப் பயன்படுத்திக்கொண்டது.

எனக்கு இதைவிட அழுத்தமாகப் படும் சான்று பிறகு வந்தது. காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்ரியோடு நரசிம்மன் 1965-இல் ஆராய்ந்த ‘நிலைத்த’ கற்றைகள் சேர்ந்து ஒரு வெளியாகின்றன. அதன் ஓட்டைகளை எண்ணுவது கடினம். ஹார்டரும் நரசிம்மனும் 1975-இல் எண் கோட்பாட்டின் வழியே, முடிவுள்ள எண்தொகுதிகளின் மேல் புள்ளிகளை எண்ணி விடை கண்டார்கள். அதியாவும் பாட்டும் 1983-இல் எதிர்த்திசையிலிருந்து வந்தார்கள். இணைப்புகள் அனைத்தும் அடங்கிய முடிவிலா வெளியையும், அதன் சமச்சீர்க் குலத்துக்கான வகைப்படுத்தும் வெளியையும் எடுத்து, அதன் எளிய கணக்கிலிருந்து நிலைக்காத கற்றைகளின் பங்கை அடுக்கடுக்காகக் கழித்தார்கள். அந்த அடுக்குகள் ஹார்டரும் நரசிம்மனும் முன்பே பிரித்துக் காட்டியவை. இரு வழிகளும் ஒரே சூத்திரத்தில் வந்து சேர்ந்தன. பெருவெளிக் கணக்கு வெறும் வசதிக்கான கற்பனை என்றால், எண் கோட்பாட்டோடு இப்படிப் பொருந்தியிருக்க வேண்டிய அவசியமில்லை.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களும் உண்டு. பயனை எண்ணி இவர்கள் இறங்கவில்லை, உண்மைதான். ஆனால் மிகக் குளிர்ந்த மெல்லிய படலத்தில், வலுவான காந்தப்புலத்தின் கீழ் மின்தடை படிப்படியாக ஏறுவதை வான் கிளிட்சிங் 1980-இல் கண்டார். 1982-இல் தவுலெஸும் உடன் ஆய்வாளர்களும் அந்தப் படிகளுக்குத் தந்த விளக்கத்தில் வரும் முழு எண், ஒரு சிக்கலெண் கோட்டுக் கற்றையின் முறுக்க எண். சிக்கலெண் கோடுகளை வகைப்படுத்தும் அதே வெளியின் இரண்டாம் பரிமாணத்தில் பிறக்கும் எண் அது. படலத்தில் அழுக்கு இருந்தாலும் அளவு சற்றே மாறினாலும் முழு எண் அசையாது. அதனால்தான் ஓம் என்ற அலகை இன்று இந்த விளைவைக் கொண்டே, சுமார் 25,812.807 ஓம் என்ற மாறா மதிப்பிலிருந்து நிலைநிறுத்துகிறார்கள். ஒசூர் ஆலைகளில் மின்கருவிகளைச் சோதிக்கும் மீட்டர்களும் கடைசியில் சார்ந்திருப்பது அந்த அலகைத்தான்.