ஜேம்ஸ் பனானா என்றொருவர் இல்லை

ஜப்பானின் கோனாமி நிறுவனம் 1986-இல் முதலில் வெளியிட்ட ‘காசில்வேனியா’ விளையாட்டின் நிண்டெண்டோ கேட்ரிட்ஜில் டிராகுலாவை வீழ்த்தியதும் திரையில் பெயர்கள் ஓடும். இசை, ஜேம்ஸ் பனானா. அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. 1958-இல் வந்த ‘டிராகுலா’ படத்தின் இசையமைப்பாளர் ஜேம்ஸ் பெர்னார்டைக் கிண்டலடிக்கும் பெயர் அது. அந்தப் படத்தின் இயக்குநர் டெரன்ஸ் ஃபிஷரும் இங்கே ‘டிரான்ஸ் ஃபிஷர்ஸ்’ ஆகிவிட்டார்!

உண்மையில் இசையமைத்தவர்கள் கினுயோ யமாஷிதா, சடோயே தெராஷிமா என்ற இரு பெண்கள். யமாஷிதா அப்போதுதான் கல்லூரி முடித்து வேலைக்கு வந்தவர்.

திறமைசாலிகளைப் போட்டி நிறுவனங்கள் கொத்திக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காகவே அன்று பல நிறுவனங்கள் புனைபெயர் போட்டன. கேப்காமின் ‘மெகா மேன்’ (1987) பட்டியலில் ‘சான்சாகோரின் மனாமி’ என்றும், அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் ‘மனாமி இயெதெல்’ என்றும் இருப்பவர் ஒருவரே, மனாமி மட்சுமாயே. இரண்டாம் பாகத்துக்குப் பெரும்பாலும் இசையமைத்த தகாஷி தடேயிஷியோ ‘ஒகெரெட்சு குன்’ என்ற பெயருக்குள் ஒளிந்திருக்கிறார்.

ஆகவே திரைப் பட்டியலை மட்டும் நம்பிப் பயனில்லை. பின்னாளில் வந்த இசைத்தட்டு உறைகள், இசையமைப்பாளர்களே அளித்த பேட்டிகள், மற்ற விளையாட்டுகளின் பட்டியல்கள் எல்லாவற்றையும் ஒத்துப்பார்க்க வேண்டும். ஒரு பெயருக்குப் பின்னால் இருவர் இருக்கலாம். இரு பெயர்கள் ஒருவருடையவையாகவே இருக்கலாம். காசில்வேனியாவின் இசையை யமாஷிதா ஒருவருக்கே எழுதிவைப்பவர்கள் இன்றும் உண்டு. தெராஷிமாவின் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.